எண்பதுகளில் நின்றுபோன காதுக்குப் புதுப் பாட்டு

எங்கள் வயதுக்காரர்கள் இரண்டு பேர் ஒரே காரில் ஏறினால் போதும், வானொலியில் மூன்றாவது பாட்டு முடிவதற்குள் அந்தப் பேச்சு வந்துவிடும். "இப்ப வர்றதெல்லாம் ஒரு பாட்டா?" கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பழைய பாட்டு பிடிக்காமல் அல்ல. ஒரே கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு மிச்ச ஆயுளை ஓட்ட வேண்டுமா என்றுதான்.

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் வளர்ந்த காது என்னுடையது. முன்கூடத்தில் அம்மாவின் ரேடியோ, அதில் வானொலி ஆறு என்ற தமிழ் நிலையம், அதில் இளையராஜா. பின்னறையில் அண்ணனின் கேசட் பெட்டி, அதில் மைக்கேல் ஜாக்சன், டுரான் டுரான், ஆ-ஹா, மாடர்ன் டாக்கிங். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும், இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய கேசட்டின் அட்டையில் பாட்டுகளின் பெயரெல்லாம் எழுத்துப் பிழையோடு இருக்கும். அதனால் என்ன, பாட்டில் பிழை இல்லை.

இப்போது பினாங்குத் தீவில், பாயான் லெப்பாசில் வேலை, வீடு இன்னும் பெருநிலத்துப் பக்கம்தான். தினமும் பினாங்குப் பாலத்தைக் கடக்கிறேன். போகவர அந்த நெரிசலில்தான் புதுப் பாட்டு தேடும் பழக்கம் வந்தது. அண்ணனையும் இழுத்துவிட்டேன். அவர் லேசில் மசிகிற ஆள் இல்லை. ஒருவிதத்தில் அது நல்லதாகப் போயிற்று. எதைப் போட்டாலும் ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் சொல்லுவார், அந்தக் காரணங்கள்தான் எனக்கு வழி காட்டின.

முதலில் எல்லாரும் போகிற வழியில்தான் போனோம். கோலாலம்பூரில் படிக்கும் அண்ணன் மகன் விடுமுறைக்கு ரயிலேறி வந்திருந்தான். "அத்தை, சிந்த்வேவ்னு ஒண்ணு இருக்கு. எண்பதுகள் மாதிரியே செய்யறாங்க. அப்பாவுக்குக் கட்டாயம் பிடிக்கும்" என்று ஒரு பட்டியலைப் போட்டுவிட்டான். அட்டைப் படத்தில் ஊதாநிற வானம், பனைமரம், பழைய ஸ்போர்ட்ஸ் கார். சத்தமெல்லாம் அப்படியே அந்தக் காலம். அண்ணன் நாலு பாட்டு பொறுமையாகக் கேட்டார்.

"பந்தல் போட்டிருக்கான், மேளம் வெச்சிருக்கான், மாலையெல்லாம் ரெடி. மாப்பிள்ளையைத்தான் காணோம்டா."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. சத்தம் இருந்தது, மெட்டு இல்லை. எண்பதுகளின் பாட்டு வேண்டும் என்று தேடப் போனால் முதலில் கையில் கிடைப்பது எண்பதுகளின் உடுப்புதான். சிந்த்வேவ் முழுவதும் அப்படி என்று சொல்ல மாட்டேன். தி மிட்நைட் என்ற அமெரிக்கக் குழுவின் 2016 தொகுப்பு 'எண்ட்லெஸ் சம்மர்' எனக்கு மிகவும் பிடித்தது, அதில் பாடத் தெரிந்த ஆளும் உண்டு, பாட்டும் உண்டு. ஆனால் பொதுவாக அந்தப் பெயரில் வரும் பட்டியல்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டால் அண்ணன் சொன்ன கதைதான்.

அப்புறம் வேறு மாதிரி செய்து பார்த்தோம். அந்தக் காலத்துப் பாட்டில் ரொம்பப் பிடித்த ஐந்தை எடுத்துக்கொள்வது. ஒவ்வொன்றிலும் எந்த இடத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று எழுதுவது. பாட்டு முழுவதையும் அல்ல, அந்த ஒரு இடத்தை மட்டும். வார்த்தையா, குரல் ஏறுகிற இடமா, டிரம்ஸ் விழுகிற இடமா, பாட்டு தொடங்குமுன் வரும் கீபோர்டா?

அண்ணன் தாளில் எழுதியதைப் பார்த்ததும் புரிந்தது. 'பில்லி ஜீன்' என்று எழுதிப் பக்கத்தில் "ஆரம்பம், பேஸ்". டுரான் டுரானின் 'நட்டோரியஸ்', பக்கத்தில் "பேஸ்". இளையராஜா பாட்டு ஒன்று, அதற்கும் "சரணத்துக்கு அடியில் ஓடும் பேஸ்". இவர் இருபது வயதில் கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் வாசித்த இசைக்குழுவில் பேஸ் கித்தார், அதாவது பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுருதியில் ஓடும் கித்தார், பிடித்தவர். காது இன்னும் அந்த நாலு கம்பியிலேயே நிற்கிறது. என் தாளில் பேஸ் என்ற சொல்லே இல்லை. நான் எழுதியதெல்லாம் கீபோர்டின் தொடக்க மெட்டும், மேலே மேலே ஏறிப்போகும் சோகக் குரலும். 'டேக் ஆன் மீ', 'ஃபாரெவர் யங்', இந்த வகை.

நாற்பது வருடமாக நாங்கள் இருவரும் ஒரே ரசனைக்காரர்கள் என்று நினைத்திருந்தோம். ஒரே கேசட்டில் ஆளுக்கொரு பாட்டைக் கேட்டிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "எண்பதுகள் பிடிக்கும்" என்பதை வைத்துக்கொண்டு யாருக்கும் பாட்டு சொல்ல முடியாது. அதற்குள்ளே எது என்று கேட்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்தால் தேடல் பாதி முடிந்த மாதிரி.

எது என்று கண்டுபிடிக்க அந்தக் காலத்துச் சத்தங்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் வசதி. பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம், மூன்று நான்கு கருவிகள்தான். 1983-இல் யமாஹா டிஎக்ஸ் 7 கீபோர்டு வந்தது. அந்தத் தசாப்தத்தின் மெதுவான காதல் பாட்டுகள் பலவற்றில் வரும் அந்தத் தெளிந்த, மணி கலந்த எலக்ட்ரிக் பியானோ அதனுடையதுதான். ரோலண்ட் ஜூனோ கீபோர்டுகள் 1982-இலிருந்து, அவற்றின் ஒலி இன்னும் கனிவானது, பரந்து விரிவது. டிரம்ஸ் வாசிக்க ஆளே இல்லாமல் லின் டிரம் என்ற பெட்டி அடித்தது. எங்கள் ஊர் இசைக்குழுக்காரர்களுக்கு டிஎக்ஸ் 7 எட்டாக்கனி, அண்ணன் குழுவில் ஒரு காசியோதான் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்தது.

இன்னொன்று, பில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டில் கடைசியில் விழும் அந்த டிரம்ஸ். 1981 பாட்டு. அந்தச் சத்தம் பிறந்தது அதற்கு முந்தி, லண்டன் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தொகுப்பைப் பதிவு செய்தபோது. உள்ளே இருக்கும் இசைக்கலைஞர் வெளியே இருக்கும் பொறியாளரோடு பேசுவதற்கென்று கூரையில் ஒரு மைக் தொங்கும். காலின்ஸ் டிரம்ஸ் அடித்தபோது அந்த மைக் திறந்திருந்தது. மெல்லிய சத்தத்தையும் தூக்கிக்காட்டும்படி அமைத்த மைக் என்பதால் டிரம்ஸ் பூதாகரமாகக் கேட்டது. பொறியாளர் ஹியூ பேட்கம் அதைப் பிடித்துக்கொண்டார். எதிரொலியை நன்றாகப் பெருக்கி, அது தானாக அடங்குவதற்குள் சட்டென்று வெட்டிவிடுவது, இவ்வளவுதான் சூத்திரம். அதன்பின் பத்து வருடம் எல்லா டிரம்ஸும் அப்படித்தான் ஒலித்தன. உங்களுக்குப் பிடித்த இடம் இதுவாக இருந்தால், இன்றைய பாட்டில் முதலில் டிரம்ஸைக் கேளுங்கள், பாடகரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சத்தம் ஒரு பக்கம். பாட்டின் கட்டுமானம் இன்னொரு பக்கம், நம்மவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. இளையராஜாவைக் கேட்டு வளர்ந்த காது பல்லவி முடிந்ததும் இடையிசையை எதிர்பார்க்கும். முதல் சரணத்துக்கு முன் ஒன்று, இரண்டாவதற்கு முன் வேறொன்று. 1986-இல் 'புன்னகை மன்னன்', 'விக்ரம்' வந்தபோது அந்த இடையிசைக்குள் சிந்தசைசரும் வந்து உட்கார்ந்துகொண்டது, எங்கள் வீட்டில் முன்கூடத்துக்கும் பின்னறைக்கும் இருந்த தூரம் அன்றோடு குறைந்தது. ஆங்கிலப் பாட்டிலும் அப்போது தொடக்க இசை இருந்தது, நடுவில் மெட்டு மாறும் ஒரு பகுதி இருந்தது, கித்தாரோ சாக்ஸபோனோ தனியாக வந்து போகும் இடம் இருந்தது. 'பில்லி ஜீன்' தொடக்கம் ரொம்ப நீளம், குறைத்துவிடலாம் என்று தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் சொன்னாராம். அதைக் கேட்டால்தான் ஆடத் தோன்றுகிறது என்று ஜாக்சன் விடவில்லை. பேஸ் வாசித்தவர் லூயிஸ் ஜான்சன். இந்தக் கதையைச் சொன்னால் அண்ணனுக்கு முகமெல்லாம் மலரும்.

இப்போதைய பாட்டு வெறுமையாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை முப்பது விநாடி கேட்டால்தான் அது கேட்டதாகக் கணக்கு. அதற்குள் கேட்பவர் நழுவிவிடக் கூடாதே என்று பலரும் எடுத்த எடுப்பில் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். இடையிசைக்கு நேரமில்லை. எனவே நான் புதுப் பாட்டை முதலில் அளப்பது இப்படி: வாய் திறக்குமுன் ஏதாவது இசை இருக்கிறதா, இரண்டாம் தடவை பல்லவி வந்தபிறகு வேறெங்காவது போகிறதா. இரண்டும் இருந்தால் எங்கள் கட்சிக்காரர். 2019 கடைசியில் வந்த தி வீக்கெண்டின் 'பிளைண்டிங் லைட்ஸ்' உலகம் முழுக்க ஓடியதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்று. அதன் தொடக்கக் கீபோர்டு மெட்டை ஒரு தடவை கேட்டாலே முணுமுணுக்கலாம், ஆ-ஹா காலத்து வேகம். அண்ணனும் அதை ஒப்புக்கொண்டார், "பேஸ் சுமார்" என்ற குறிப்போடு.

ஆளுக்கு ஆள் வேறு என்று தெரிந்தபின் பட்டியலும் இரண்டாகப் பிரிந்தது. என் பட்டியல்: ஸ்காட்லாந்தின் சர்ச்சஸ், முதல் தொகுப்பு 2013. இவர்களின் 2021 தொகுப்பில் ஒரு பாட்டில் எண்பதுகளின் தி கியூர் குழுவின் ராபர்ட் ஸ்மித்தே வந்து பாடுகிறார், அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம். பிரான்சின் எம்83, 'மிட்நைட் சிட்டி', 2011. பாட்டு முடிகிற நேரத்தில் சாக்ஸபோன் வந்து தூக்கிக்கொண்டு போகும். புரூக்ளினின் நேஷன் ஆஃப் லேங்குவேஜ். ராபினின் 'டான்சிங் ஆன் மை ஓன்', ஆடவும் அழவும் வைக்கும். கார்லி ரே ஜெப்சனை ஒரே ஒரு ஹிட் பாட்டுக்காரி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2015-இன் 'எமோஷன்' முழுத் தொகுப்பும் எங்கள் வயதுக்காரர்களுக்காகவே செய்த மாதிரி இருக்கும்.

அண்ணனின் பட்டியல்: டுவா லீபா, டாஃப்ட் பங்க்கின் 2013 தொகுப்பு, பெர்லினுக்குப் போய் வளர்ந்த ஆஸ்திரேலியக் குழு பார்சல்ஸ், பேஸ் கித்தாரே உயிரான தண்டர்கேட். இவரின் 'ஷோ யூ தி வே' பாட்டில் எங்கள் காலத்துப் பாடகர்கள் மைக்கேல் மெக்டொனால்டும் கென்னி லாகின்ஸும் சேர்ந்து பாடுகிறார்கள், 2017-இல்! அதைப் போட்டதும் அண்ணன் கையில் இருந்த ரொட்டிச் சானாயைத் தட்டில் வைத்துவிட்டு, "யார்ரா இவன்" என்றார். மாமாக் கடை என்னும் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், விரலெல்லாம் சாம்பார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

மாடர்ன் டாக்கிங் ரசிகர்கள் மலேசியாவில் ஏராளம். கல்யாண விருந்துகளில் 'செரி செரி லேடி' இன்றும் ஓடுகிறது. அவர்களுக்கு அந்தக் குழு பிறந்த ஜெர்மனியின் பக்கமே போகச் சொல்வேன். டிரெஸ்டனின் பர்ப்பிள் டிஸ்கோ மெஷின், குறிப்பாக 'ஹிப்னோடைஸ்ட்'. கொலோனின் ரூஸ்வெல்ட். சுவீடனின் சாலி ஷாப்பிரோ, காதுக்குள் பேசுவது போன்ற மெல்லிய குரல், அடியில் இத்தாலிய டிஸ்கோ.

இதெல்லாம் எப்படிக் கிடைத்தது என்றால், பாடகரை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் ஆளைப் பிடித்ததால். தமிழ்ப் பாட்டில் நாம் அதைத்தானே எப்போதும் செய்கிறோம்? யார் நடித்த படம் என்பது ஒருபுறம் இருக்க, இசை யார் என்றுதான் கேசட்டைத் திருப்பிப் பார்ப்போம். ஆங்கிலப் பாட்டில் மட்டும் ஏனோ முன்னால் நிற்பவரை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம்.

டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்', 1983. மடோனாவின் 'லைக் எ வர்ஜின்', 1984. அண்ணனின் 'நட்டோரியஸ்', 1986. மூன்றுக்கும் தயாரிப்பில் கைகொடுத்தவர் நைல் ராட்ஜர்ஸ், ஷீக் குழுவின் கித்தார்க்காரர். அவர்தான் 2013-இல் டாஃப்ட் பங்க்கின் 'கெட் லக்கி'யில் அந்தக் கித்தாரை வாசிக்கிறார். 'நட்டோரியஸ்' பிடித்தவருக்கு இது பிடிக்காமல் போக வழியே இல்லை. அதே தொகுப்பில் எழுபதுகளின் டிஸ்கோ பிதாமகர் ஜார்ஜியோ மோரோடர் தன் கதையைத் தானே பேசுகிறார்.

இன்னொரு கயிறு ஸ்டூவர்ட் பிரைஸ். மடோனாவின் 2005 தொகுப்பு 'கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர்', பெட் ஷாப் பாய்ஸின் 2013 'எலக்ட்ரிக்', டுவா லீபாவின் 'லெவிடேட்டிங்', எல்லாவற்றிலும் இவர் இருக்கிறார். டுவா லீபாவை டிக்டாக் பெண் என்று நினைத்திருந்த அண்ணன், இதைச் சொன்னபிறகு அந்தப் பாட்டு உள்ள 'ஃபியூச்சர் நாஸ்டால்ஜியா' தொகுப்பைத் தொடக்கத்திலிருந்து கேட்டார்.

மூன்றாவது கயிறு கொஞ்சம் நீளம். தி வீக்கெண்டின் 2022 தொகுப்பு 'டான் எஃப்எம்' ஒரு வானொலி நிலையம் மாதிரியே அமைந்தது. அறிவிப்பாளராக ஜிம் கேரி பேசுகிறார். நடுவில் ஓரிடத்தில் குவின்சி ஜோன்ஸ், ஆமாம், 'திரில்லர்' குவின்சி ஜோன்ஸ், தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார். அடுத்து வருவது 'அவுட் ஆஃப் டைம்', அதன் இசை டொமோகோ அரான் என்ற ஜப்பானியப் பாடகியின் 1983 பாட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பாட்டைத் தேடப் போய் சிட்டி பாப் என்ற, அந்தக் காலத்து ஜப்பானிய நகரத்துப் பாப் இசைக்குள் விழுந்தேன். மரியா தாகெயுச்சியின் 'பிளாஸ்டிக் லவ்', 1984. மிகி மட்சுபாராவின் 'மயோனகா நோ டோர்', 1979, நாற்பது வருடம் கழித்து 2020-இல் இளைஞர்கள் கையில் மறுபிறவி எடுத்தது. இவை புதுப் பாட்டு இல்லைதான். ஆனால் எனக்குப் புதுசு. தேடலில் இதற்கும் இடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், அண்ணன் இதை ஏமாற்று வேலை என்கிறார்.

செயலியில் இதைச் செய்வது எளிது. பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டினால் யார் எழுதியது, யார் தயாரித்தது என்று வரும். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு தேட வேண்டும். இன்னொரு தந்திரம், இது அண்ணன் மகன் கண்டுபிடித்தது. ஒரு பாட்டிலிருந்து அதே மாதிரிப் பாட்டுகளை ஓடவிடும் 'ரேடியோ' வசதி இருக்கிறதல்லவா, அதை 'டேக் ஆன் மீ'யிலிருந்து தொடங்கினால் சுற்றிச் சுற்றிப் பழைய பாட்டே வரும். செயலிக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அந்தப் பாட்டைக் கேட்பவர்கள் எல்லாரும் நம்மைப் போல் பழையதையே கேட்கிறார்கள். பிடித்துப்போன ஒரு புதுப் பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். நேஷன் ஆஃப் லேங்குவேஜிலிருந்து ஓடவிட்டால் அந்த இனத்துச் சின்னச் சின்னக் குழுக்கள் வரிசையாக வந்து நிற்கும். பிடிக்காததை உடனே தள்ளிவிட வேண்டும், மரியாதைக்காகக் கடைசிவரை கேட்டால் அதையே இன்னும் பத்து கொண்டுவந்து கொட்டும்.

ஒரு எச்சரிக்கை. யூடியூபில் "எண்பதுகளில் மறந்துபோன பாட்டு" என்ற மாதிரித் தலைப்போடு மணிக்கணக்கில் ஓடும் தொகுப்புகள் இப்போது நிறைய. அவற்றில் பல கணினி செய்த பாட்டு. குரல் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். கேட்டு ரசிப்பது உங்கள் விருப்பம். ஆனால் அதிலிருந்து அடுத்த பாட்டுக்கு வழி கிடையாது. தயாரிப்பாளர் பெயர் இல்லை, பேஸ் வாசித்தவர் இல்லை, மேடைக் கச்சேரி இல்லை. இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.

பழைய ஆட்களின் புதுத் தொகுப்புகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் 2022-இல் போட்ட 'தி டிப்பிங் பாயிண்ட்' அருமை. டெபெஷ் மோடின் 'மெமென்டோ மோரி' 2023, தங்கள் நண்பர் ஆண்டி ஃப்ளெட்சர் இறந்தபின் வந்தது, அந்தக் கனம் தெரியும். டுரான் டுரான், ஆ-ஹா, பெட் ஷாப் பாய்ஸ் எல்லாரும் இந்தப் பத்தாண்டில் புதுசு கொண்டுவந்திருக்கிறார்கள். புதுப் பாட்டே வேண்டாம் என்பவர்களுக்கு இது நல்ல முதல் படி. குரல் தெரிந்த குரல் என்பதால் சண்டை போட மாட்டார்கள்.

வெள்ளைக்காரர்களையே தேடிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. நம் வீட்டு வாசலிலேயே ஆலிகேட்ஸ் குழு இருந்தது. பினாங்குப் பிள்ளைகள், லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும், தமிழ் அண்ணன் தம்பிகள் மலாயில் பாடி நாட்டையே ஆடவைத்தார்கள். லோகாவின் அந்தப் பெரிய சுருட்டை முடியை மறக்க முடியுமா? அவர் 2007-இல் போய்விட்டார். மலாய்ப் பாடகி ஷீலா மஜிட்டின் 'சினாரான்', 1986, இன்று கேட்டாலும் ஜப்பானிய சிட்டி பாப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரும். இந்த வழியில் போய்த்தான் ஜகார்த்தாவின் டிஸ்கோரியா குழு கிடைத்தது. பழைய இந்தோனேசிய டிஸ்கோவை வைத்து இப்போது புதுப் பாட்டு செய்கிறார்கள். திரைப்பட நடிகை டியான் சாஸ்த்ரோவர்டோயோ பாடிய 'செரெனாத்தா ஜிவா லாரா', 2020, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் ஒத்துக்கொண்ட ஒரே பாட்டு. மலாய் நமக்குத் தாய்மொழி மாதிரிதானே, வரிகளும் புரிகின்றன. இந்த வசதி நமக்கு இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளலாம்.

தமிழில்? மலேசிய ராப் பாடகர்கள் யோகி பியும் நட்சத்ராவும் 2006-இல் 'மடை திறந்து' செய்தபோது எங்கள் வயதுக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். இளையராஜாவின் 1980 மெட்டின்மேல் ராப்பா என்று. அண்ணனுக்கு அப்போதே பிடித்தது, கேட்டால் "அடியில ஓடறதைக் கேளு" என்பார். புதுப் படத்தில் பழைய பாட்டை அப்படியே ஓடவிட்டுக் கைதட்டல் வாங்கும் இப்போதைய பழக்கத்தைவிட அது எவ்வளவோ மேல். அது பழசை எடுத்து வேறொன்று செய்தது. இது பழசைக் காட்டிவிட்டுப் போகிறது.

எதில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் பேஸ் கிடையாது. அதில் போட்டுக் காட்டி "இது நல்லா இருக்கா" என்று அண்ணனைக் கேட்டால் இல்லை என்றுதான் வரும், பாதிப் பாட்டு அவர் காதுக்குப் போகவே இல்லை. புதுப் பாட்டை முதல் தடவை காரில்தான் போடுவேன். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது பாலம் காலியாக இருக்கும். 13.5 கிலோமீட்டர், மூன்று பாட்டுக்குச் சரியாக வரும். பாலம் திறந்தது 1985-இல், 'டேக் ஆன் மீ' உலகத்தைக் கலக்கியதும் அதே வருடம். பழைய காரில் கேசட் பெட்டி இருந்தால் அதற்கும் வேலை உண்டு. லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் ஞாயிறு காலை கேசட்டுகள் குவிந்து கிடக்கும். வாங்குமுன் பென்சிலை விட்டுச் சுற்றிப் பாருங்கள், நாடா இறுகியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

புதுப் பாட்டை முதல் தடவையிலேயே தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதும் ஒரு பழக்கம்தான். அந்தக் காலத்தில் கேசட்டில் பாட்டைத் தாண்டிப்போவது பெரிய வேலை, அதனால் பிடிக்காத பாட்டும் பத்துத் தடவை காதில் விழுந்து பிடித்துப்போனது. இப்போது விரலால் தள்ளிவிடுகிறோம். செயலிக்கு நான் சொன்னது வேறு, இது வேறு. நம்பிக்கையான ஒருவர் சொன்ன பாட்டு என்றால் மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பேன். சர்ச்சஸ் எனக்கு அப்படித்தான் ஏறியது.

அண்ணி விஷயம்தான் இன்னும் முடியவில்லை. அவருக்கு வேகப் பாட்டே வேண்டாம். 'கேர்லெஸ் விஸ்பர்' மாதிரி மெதுவாக வேண்டும், பாடுவதற்கு முன்னாலேயே சாக்ஸபோன் வந்துவிட வேண்டும், பாடுகிறவர் ஆணாக இருக்க வேண்டும், ராப் நடுவில் வரக் கூடாது. இவ்வளவு நிபந்தனையோடு மாப்பிள்ளை தேடியிருந்தால் அண்ணனுக்கு இந்த வீட்டில் இடமே கிடைத்திருக்காது. ஜெஸ்ஸி வேரின் 'ரிமெம்பர் வேர் யூ ஆர்' போட்டுக் காட்டினேன், 2020 பாட்டு, நிதானமானது, கேட்டால் மனசு நிறையும். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான் பாடறா, தங்கச்சி. ஆனா நான் கேட்டது இது இல்லையே" என்று சொல்லிவிட்டு, ஜார்ஜ் மைக்கேலை எடுத்துப் போட்டுக்கொண்டு சமையல் கட்டுக்குள் போய்விட்டார்.